கடுகின் காரமும் உயிரணுவின் வாயிலும்

(சங்கரன்கோவிலில் தமிழன்பர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



சங்கரன்கோவிலைச் சூழ்ந்த கரிசல் நிலத்து ஊர்களில், மிளகாய் வற்றல் வறுக்கும் வீடு எதுவென்று தெருமுனையிலேயே அறிந்துகொள்ளலாம். வறுப்பவர் அடுக்களையில் இருப்பார். தும்முபவர் திண்ணையில் இருப்பார். கண் கலங்கும், மூக்கு ஒழுகும், தொண்டை கமறும். அடுக்களையில் எழுந்த நெடி திண்ணையில் இருப்பவரின் கண்ணை எவ்வாறு தொட்டது? தொட்டது காரம் என்பதைக் கண் எவ்வாறு அறிந்தது? நாள்தோறும் நிகழும் இந்நிகழ்ச்சிக்கு அறிவியல் தெளிவான விடை கண்டது 1997ஆம் ஆண்டில்தான். அவ்விடையைக் கண்டவர்க்கு 2021இல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. அவ்விடை யாது, அதனை மாந்தர் எவ்வாறு கருவியாக்கினர், அவ்வறிவு எம்மொழியில் மக்களைச் சேர வேண்டும் என்னும் மூன்றையும் விளக்குவதே இப்பொழிவின் நோக்கம்.

செலவணுவும் வாயிலும்

மாந்தவுடல் உயிரணுக்களால் ஆயது. ஒவ்வோர் உயிரணுவையும் ஒரு மெல்லிய நெய்ப்படலம் மூடியுள்ளது. ஒரு மீட்டர் நீளத்தை நூறு கோடிக் கூறாகப் பகுத்தால், அவற்றுள் ஏறத்தாழ ஐந்து கூறே அப்படலத்தின் தடிப்பு. நெய்யும் நீரும் ஒட்டா என்பது அடுக்களை அறிந்த உண்மை. ஆகலின் நீரில் கரைந்த உப்பு அப்படலத்தைத் தானே கடந்து செல்ல மாட்டாது.

உப்பு நீரில் கரையும்போது மின்னூட்டம் பெற்ற அதன் அணுக்கள் தனித்தனியே பிரிகின்றன. இங்கிலாந்து அறிஞர் பாரடே 1834இல் இவற்றுக்குக் கிரேக்கச் சொல் ஒன்றைப் பெயராக இட்டார். 'செல்வது' என்பது அதன் பொருள். நம் பாடநூல்கள் அதன் ஒலியைத் தழுவி 'அயனி' என எழுதுகின்றன. பாரடே செய்தது போலப் பொருளைத் தழுவி எழுதின் 'செலவணு' எனலாம். செலவு என்பது செல்லுதல். பாலைத்திணையில் 'செலவழுங்குதல்' என்று பயின்றவர்க்கு இச்சொல் புதிதன்று. இதனை 'மின்னணு' எனல் பிழையாம். அச்சொல் வேறொரு துகளுக்கு உரியதாகிவிட்டது.

இச்செலவணுக்கள் உயிரணுவுக்குள் புகவும் வெளியேறவும் படலத்தின் ஊடே புரதத்தால் ஆகிய நுண்ணிய வாயில்கள் உள்ளன. இவையே செலவணு வாயில்கள். ஒவ்வொன்றும் கதவு உடையது. அக்கதவுக்குக் காவலும் உண்டு. சில வாயில்கள் மின்னழுத்தம் மாறினால் திறக்கும். சில சூடுபட்டால் திறக்கும். சில அழுத்தினால் திறக்கும். சில குறிப்பிட்ட பொருள் வந்து தொட்டால் மட்டும் திறக்கும். திறந்த அளவிலே செலவணுக்கள் வெள்ளமெனப் பாயும். பொட்டாசியத்துக்குரிய வாயில் ஒன்றில் நொடிக்கு ஒரு கோடி முதல் பத்துக் கோடி வரை செலவணுக்கள் கடந்து போகும். அத்துணை விரைவிலும் பொட்டாசியத்தை விட்டுச் சோடியத்தைத் தடுக்கும் திறம் அதற்குண்டு. பதினாயிரம் பொட்டாசியம் புகும் வழியில் ஒரு சோடியம் புகுதல் அரிது.

இவ்வறிவு ஒருநாளில் வந்ததன்று. ஆட்சிகின், அக்சிலி என்னும் இருவர் கணவாயின் தடித்த நரம்பிழையை ஆய்ந்து, நரம்பில் ஓடும் செய்தி செலவணுக்களின் ஓட்டமே என்று 1952இல் கணக்கிட்டுக் காட்டினர். நேயர், சாக்மன் என்னும் செருமானியர் இருவர், நுண்ணிய கண்ணாடிக் குழலின் வாயை உயிரணுப் படலத்தின்மீது பொருத்தி, ஒரே ஒரு வாயில் திறப்பதையும் மூடுவதையும் 1976இல் அளந்தனர். அவ்வாறு அளந்த மின்னோட்டம் ஓர் ஆம்பியரை நூறாயிரங் கோடியாகக் கூறிட்டால் வரும் சில கூறுகளே! உரோடரிக் மெக்கின்னன் 1998இல் பொட்டாசிய வாயிலின் வடிவத்தை அணு அணுவாக வரைந்து காட்டினார். கணக்கால் உணர்ந்ததைக் கண்ணாற் காண 46 ஆண்டுகள் ஆயின.

மிளகாயும் கடுகும்

அமெரிக்க நாட்டுப் பேராசிரியர் தாவீது சூலியசும் அவர்தம் குழுவினரும் வினவிய வினா எளியது. மிளகாயின் காரப்பொருளான காப்சைசின் நரம்பைத் தொடும் இடம் எது? உணர்நரம்பில் செயற்படும் மரபணுக்களைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, காரம் அறியாத உயிரணுக்களுக்குள் செலுத்திப் பார்த்தனர். வாயில் திறந்தால் சுண்ணத்தின் செலவணுக்கள், அஃதாவது கால்சியம், உள்ளே புகும். முன்னரே உள்ளிட்ட ஒளிர்பொருள் அது கண்டு ஒளிரும். அவ்வாறு ஒளிர்ந்த உயிரணுவிலிருந்து ஒரு மரபணுவைப் பிரித்தெடுத்து 1997இல் உலகுக்கு அறிவித்தனர். அம்மரபணு ஆக்கும் புரதமே மிளகாய் வாயில். ஆய்வுலகம் அதனை டி.ஆர்.பி.வி.-1 என்னும். ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெம்மையும் அதே வாயிலைத் திறக்கும். மிளகாய் 'எரிகிறது' என்று நம் மக்கள் கூறுவது வெறும் உவமையன்று. தீயும் மிளகாயும் தட்டுவது ஒரே கதவை.

கிளி மிளகாய்ப் பழத்தைக் கொத்தித் தின்று களிப்பதைக் காணாதவர் இலர். பறவைக்கும் அவ்வாயில் உண்டு. வெம்மையை அஃது உணரும். ஆயின் மிளகாய்க்கு அது திறவாது. புரதத்தின் சில கூறுகள் வேறுபட்டிருப்பதே அதற்குக் கரணியம் என்று 2002இல் நிறுவப்பெற்றது. ஒரு சில கூறுகளை மாற்றினால் வாயிலின் உணர்வே மாறும் என்னும் இவ்வுண்மை பின்னர்க் கூறப்போவதற்கு அடிப்படையாகும்.

மிளகாய் கடல் கடந்து வந்த பயிர். கடுகோ தமிழர் தொன்றுதொட்டு அறிந்தது. வெண்சிறுகடுகை ஐயவி என்றனர். புண்பட்டுக் கிடக்கும் மறவனின் மனையில் ஐயவி சிதறிய வழக்கத்தைப் புறநானூற்றின் 281ஆம் பாட்டுக் காட்டும். அக்கடுகின் காரம் விந்தையானது. முழுக் கடுகை வாயிலிட்டால் காரம் இல்லை. கடித்த பின்னரே காரம். காரப்பொருள் கடுகினுள் ஆயத்தமாக இருப்பதில்லை. அதற்கு மூலமான பொருள் ஓர் அறையிலும், அதனை உடைக்கும் நொதி வேறோர் அறையிலும் உள்ளன. அரைத்து நீர் சேர்க்கும்போது இரண்டும் கலந்து காரம் பிறக்கிறது. தாளிக்கும் எண்ணெயின் சூட்டில் நொதி அழிந்துபோவதால் தாளித்த கடுகு மணக்குமே அன்றி உறைக்காது. ஊறுகாய்க்குக் கடுகை அரைத்துச் சேர்க்கும் தாய்மார்கள் இவ்வேறுபாட்டைக் கைப்பழக்கத்தால் அறிவர்.

அரைத்த கடுகின் காரப்பொருளுக்கு அல்லைல் ஐசோதயோசயனேட்டு என்பது வேதியியற் பெயர். அது திறக்கும் வாயில் டி.ஆர்.பி.ஏ.-1 என்பது 2004இல் தெளிவாயிற்று. அதனைக் கடுகு வாயில் எனலாம். மிளகாய் தன் வாயிலைத் திறக்கும் முறைக்கும் கடுகு தன் வாயிலைத் திறக்கும் முறைக்கும் பெரிய வேறுபாடு உண்டு. மிளகாயின் காரப்பொருள் பூட்டில் திறவுகோல் போல நுழைந்து, திறந்து, பின் விலகும். கடுகின் காரப்பொருளோ வாயிலின் புரதத்தோடு வேதிப்பிணைப்புக் கொண்டு ஒட்டிக்கொள்ளும். புரதங்களை ஆக்கும் இருபது அமினோக் காடிகளுள் சிசுட்டீன் என்பது ஒன்று. அதன் நுனியில் கந்தக அணு உண்டு. அக்கந்தகத்தையே கடுகு பற்றுகிறது. அச்சிசுட்டீன்களுள் சிலவற்றை ஆய்வாளர் வேறு அமினோக் காடிகளாக மாற்றியபோது, வாயில் கடுகுக்குத் திறக்கும் திறனை இழந்தது. 2006, 2007ஆம் ஆண்டுகளில் சூலியசின் குழுவும் ஆர்தெம் பட்டபூத்தியனின் குழுவும் இதனைத் தனித்தனியே நிறுவின. 2021இன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவரும் இவ்விருவரே.

தொட்டதைப் பற்றிக்கொள்ளும் இத்தகைய பொருள்களை வினைமிகு மூலக்கூறுகள் எனலாம். பூண்டின் காரம் அத்தகையது. விறகடுப்புப் புகையிலும் வெண்சுருட்டுப் புகையிலும் உள்ள அக்குரோலின் அத்தகையது. காவலர் எறியும் கண்ணீர்ப் புகைக்குண்டின் பொருளும் அத்தகையதே. உடலுக்குள்ளேயும் அவை பிறக்கின்றன. நீரின் மூலக்கூற்றில் ஓர் உயிர்வளி அணு மிகுந்து நிற்பது ஐதரசன் பெராக்சைடு. நோய்க்கிருமியைக் கொல்ல வெள்ளையணுக்கள் அதனை ஆக்குகின்றன. புண்பட்ட இடத்திலும் அது தோன்றுகிறது. அளவோடு இருப்பின் அது செய்தி. அளவு மீறின் நஞ்சு. கடுகு வாயில் இதற்கும் திறக்கிறது. ஆகலின் அதனை உடலின் நச்சுக் காவலன் என்றே சொல்லலாம்.

போபாலின் இரவு

இனிக் கூறப்போவது துயரச் செய்தி. 1984ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 2ஆம் நாள் இரவு, போபால் நகரத்தில் யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லித் தொழிற்சாலையின் கலம் ஒன்றிலிருந்து ஏறத்தாழ 40 தன் மெத்தில் ஐசோசயனேட்டு வெளியேறி உறங்கும் குடிசைகளின்மேற் படர்ந்தது. உயிர் பிழைத்தோர் பலர் பின்னர்க் கூறியது ஒன்றுபோலவே இருந்தது: யாரோ மிளகாயைத் தீயிலிட்டு எரிக்கிறார்கள் என்று எண்ணியே அவர்கள் கண்விழித்தனர்! கண் எரிந்தது, மூச்சு முட்டியது. எதிலிருந்து ஓடுகிறோம் என்று அறியாமலே ஓடினர். அந்நச்சினால் நேரே இறந்தோர் 3,787 பேர் என்று அம்மாநில அரசு பின்னர்க் கணக்கிட்டது. அதன் பின்னும் ஆண்டுக்கணக்கில் நுரையீரலும் கண்ணும் கெட்டு வாடியோர் பல்லாயிரவர்.

அந்நச்சின் பெயரையும் கடுகின் காரப்பொருளின் பெயரையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒன்று ஐசோசயனேட்டு, மற்றொன்று ஐசோதயோசயனேட்டு. வினைபுரியும் முனையில் ஒன்றில் உயிர்வளி நிற்கும் இடத்தில் மற்றொன்றில் கந்தகம் நிற்கிறது. அவ்வளவே அம்முனையின் வேறுபாடு. போபால் நஞ்சு கடுகு வாயிலையே தாக்கித் திறக்கிறது என்பதை அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழகத்தில் யோர்த்து என்பாரின் குழுவினர் 2009இல் வெளியிட்டனர். கிளிக்கு மிளகாய் உறைக்காதது ஏன் என்று கண்டவரும் அவரே. கடுகு வாயில் கொண்ட நரம்பணுக்களிற் பெரும்பாலானவற்றில் மிளகாய் வாயிலும் உண்டு. எவ்வாயில் திறப்பினும் மூளைக்குப் போகும் செய்தி 'எரிகிறது' என்பதே. அவ்விரவில் மக்கள் மிளகாய் என்று எண்ணியது அவர்தம் பேதைமையன்று. உடலின் காவலன் உண்மையைத்தான் உரைத்தான். அவ்வுரையின் பொருளை அவர்களுக்கு முன்னரே எடுத்துரைப்பார்தாம் இலர். வெளியேறியது என்ன நஞ்சு, அதற்கு என்ன செய்வது என்பது மருத்துவர்க்கே அறிவிக்கப்படவில்லை. மெத்தில் ஐசோசயனேட்டு நீரோடு வினைபுரிந்து சிதையும். ஈரத்துணியால் முகத்தைப் பொத்தியிருந்தால் துன்பம் ஓரளவேனும் குறைந்திருக்கும் என்று பின்னர்ப் பலரும் எழுதினர். ஓர் ஈரத்துணி! அதனைச் சொல்ல ஒரே ஒரு தொடர் போதும். அத்தொடர் மக்கள் மொழியில் இருந்திருக்க வேண்டும்.

வாயிலைக் கருவியாக்குதல்

நஞ்சை உணரும் வாயிலை இயற்கை படைத்திருக்கிறது. அதுபோல் ஒன்றை மாந்தர் தாமே வேண்டியவாறு அமைக்க இயலுமா? இயலும் என்று காட்டியவருள் தலையாயவர் ஏகன் பெய்லி. அவர் எடுத்துக்கொண்டது புண்ணில் சீழ் உண்டாக்கும் ஒரு நுண்ணுயிரியின் நச்சுப்புரதம். ஏழு புரத இழைகள் கூடிக் காளான் வடிவில் அமைந்து, படலத்தில் துளையிடும் பொருள் அது. அதன் வடிவம் 1996இல் தெளிவாகியது. கொல்லும் துளையை அறியும் துளையாக்கியதே அவரது திறம்.

அவ்வியற்கைத் துளையில் சிசுட்டீன் ஒன்றுகூட இல்லை. அதுவே வாய்ப்பாயிற்று. துளையின் உட்சுவரில் தாம் வேண்டும் ஓரிடத்தில் மட்டும் ஒரு சிசுட்டீனை மரபணு மாற்றத்தால் அமைத்தனர். செயற்கை நெய்ப்படலத்தில் அத்துளையைப் பதித்து, இருபுறமும் உப்புநீர் வைத்து, மின்னழுத்தம் கொடுத்தனர். செலவணுக்கள் ஓட, மின்னோட்டம் நிலையாக நின்றது. வினைமிகு மூலக்கூறு ஒன்று உள்ளே புகுந்து சிசுட்டீனின் கந்தகத்தைப் பற்றிய நொடியில், வழி குறுகி மின்னோட்டம் ஒரு படி இறங்கியது. வாய்க்காலில் கல் விழுந்தால் நீரோட்டம் குறைவது போன்றதே இதுவும். படியின் ஆழம் புகுந்தது எதுவென்பதைக் குறிக்கும். படிகள் எத்துணை அடுத்தடுத்து வருகின்றன என்பது அஃது எவ்வளவு உள்ளது என்பதைக் குறிக்கும். ஒரே ஒரு மூலக்கூறு வந்தாலும் கருவி அறியும். போர்க்களத்தில் வீசப்பெற்ற கடுகு வளியின் இனமான நைட்ரசன் கடுகுப் பொருள்களை, ஊவும் பெய்லியும் இம்முறையால் 2008இல் ஒவ்வொன்றாகக் கண்டறிந்து காட்டினர். கடுகு வளியில் கடுகு இல்லை. நாற்றம் பற்றி வந்த பெயர் அது.

அதே ஆண்டில் பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரத்து ஆய்வாளர் வேறொரு வழி கண்டனர். பொருளை உணரும் புரதம் ஒன்றையும் பொட்டாசிய வாயில் ஒன்றையும் மரபணு நிலையிலேயே இணைத்துத் தைத்து, தவளை முட்டையணுவின் படலத்தில் அமைத்தனர். முன்னது பொருளை உணர, பின்னது மின்னோட்டமாக அதனை உரைத்தது. ஒற்றனையும் முரசறைவோனையும் ஒருவனாக்கியது போன்ற அமைப்பு இது. இத்தகைய துளைக் கருவிகளின் வழிவந்ததே, உள்ளங்கையில் அடங்கும் மரபிழை படிக்கும் கருவி. அது 2014இல் ஆய்வாளர் கைக்கு வந்தது.

இவ்வாயில்களின் உட்புறத்தில் நிகழ்வதை அளக்கும் முயற்சி நம் அண்டையிலேயே நடந்தது. சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற யமுனா கிருட்டிணன், பெங்களூரில் தம் குழுவினரோடு மரபிழையையே வளைத்து நுண்கருவியாக்கினார். உயிருள்ள உயிரணுவின் உள்ளறைகளில் காடித்தன்மை மாறுவதை அக்கருவி காட்டியதை 2009இல் வெளியிட்டார். உள்ளறைகளில் குளோரைடுச் செலவணு எவ்வளவு உள்ளது என்பதை உயிருள்ள உயிரணுவிலேயே அளந்த செய்தி 2015இல் வந்தது. செலவணு கடக்கும் வாயில் பழுதுற்றால் உள்ளறையில் அதன் அளவு பிறழும். அப்பிறழ்ச்சியால் நோய் வரும். ஆகலின் அளவை அறிவது நோயை அறிவதற்கு முதற்படியாகும்.

இக்கருவிகள் யாவும் நிறைவெய்திவிட்டன என்பதற்கில்லை. செயற்கைப் படலம் எளிதிற் கிழியும். உயிரணுவுக்குள் ஆயிரம் பொருள்கள் கலந்து நெருங்கியுள்ளன. அவற்றுள் வேண்டியதை மட்டும் உணர்ந்து பிறவற்றை விலக்கச் செய்தல் கடினம். சிசுட்டீனைப் பற்றும் பொருள்கள் பலவாதலின், பற்றியது எது என்று பிரித்தறிதலே ஆய்வாளர்க்கு உள்ள பெரும்பணி. அப்பணிக்குப் புதிய கைகள் வேண்டும்.

சொல்லும் கையும்

அக்கைகள் எங்கிருந்து வரும்? கரிசற்காட்டு அரசுப் பள்ளியில் தமிழ்வழி பயிலும் மாணவியிடமிருந்தும் வரலாம். கடுகை அரைத்தால் உறைக்கும், தாளித்தால் உறைக்காது என்பதை அவள் அன்னையின் அடுக்களையில் கண்டிருக்கிறாள். நொதி என்பதை அவளுக்கு விளக்க அதனினும் சிறந்த பாடம் வேறில்லை. வாயில் என்றால் அவளுக்கு விளங்கும். காவல் என்றால் விளங்கும். வாய்க்காலில் கல் விழுந்தது என்றால் விளங்கும். விளங்கிய பின்னர் ஆங்கிலப் பெயரையும் அவள் கற்றுக்கொள்வாள், அது கடினமன்று. விளங்காமுன் பெயரை மட்டும் உருவேற்றச் செய்வது அவளை வாயிலுக்கு வெளியே நிறுத்துவதாகும்.

தமிழில் சொல் இல்லை என்பார்க்கு விடை இப்பொழிவிலேயே உள்ளது. செலவணு, வாயில், உணரி, நொதி, மரபிழை, நெய்ப்படலம் என்பவற்றைக் கொண்டு 2021இன் நோபல் பரிசு வரை பேச முடிந்தது. பொருளின் தனிப்பெயர் சிலவற்றை நம் எழுத்துக்கு இயைய ஏற்றுக்கொண்டோம். கருத்துக்குரிய சொற்களை நம் வேரிலிருந்து ஆக்கிக்கொண்டோம். இச்சொற்களினும் சிறந்தவை கிடைப்பின் இவற்றை விடுத்து அவற்றைக் கொள்க. சொல்லாக்காமல் இருப்பதே குற்றம்.

இதனை மொழிப்பற்றென்று மட்டும் கருதி ஒதுக்குதல் தகாது. இவ்வட்டாரத்தைச் சூழத் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் உள்ளன. பருத்திக் காட்டில் பூச்சிக்கொல்லி தெளிப்போர் உள்ளனர். கண் எரிகிறது என்றால் அது வெறும் எரிச்சலன்று, உடலின் காவலன் எழுப்பும் கூக்குரல். உடனே விலகு, கழுவு, மருத்துவரிடம் செல் என்பதை அவர்கள் ஒவ்வொருவரும் தம் மொழியில் அறிந்திருத்தல் வேண்டும். போபாலில் அவ்வறிவு மக்களைச் சேரவில்லை. அதன் விலையை மக்களே கொடுத்தனர்.

இன்று இங்கு வந்துள்ள ஆசிரியப் பெருமக்கள் நாளை வகுப்பில் ஒரு பிடி கடுகைக் கொண்டு செல்க. பாதியை அரைத்தும் பாதியைச் சூட்டில் பொரித்தும் மாணவர்க்குக் காட்டுக. இரண்டுக்கும் வேறுபாடு ஏன் என்று வினவுக. அங்கிருந்து உயிரணுவின் வாயில் வரை அவர்களை அழைத்துச் செல்வது ஒரு பாடவேளையில் முடியும் செயல். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பது நம் முன்னோர் மொழி. அக்காரம் உயிரணுவின் எவ்வாயிலைத் திறக்கிறது என்பதைத் தமிழ்ப்பிள்ளை தமிழிலேயே அறிந்துகொள்ளட்டும்.